அனகோண்டா: பெயரில் ஆனை புகுந்த கதை

கேள்வி

‘அனகோண்டா’ என்ற ஆங்கிலச் சொல் ‘ஆனைக்கொன்றான்’ என்ற தமிழ்ப் பெயரின் திரிபு என்பது இன்று தமிழ் வாசகர் பலருக்கும் ஐயமற்ற செய்தி. 1997இல் வந்த ஹாலிவுட் படம் அந்தப் பாம்பைப் பட்டிதொட்டியெங்கும் அறிமுகம் செய்துவிட்டது. அதன்பின் இந்தத் துணுக்கு மேடைப் பேச்சிலும் கைப்பேசிச் செய்திகளிலும் ஓயாமல் சுற்றி வருகிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அமேசான் காட்டுப் பாம்புக்கே தமிழ்ப்பெயர் இருக்கும்போது தமிழர் அங்கே போயிருக்க மாட்டார்களா என்று கேட்கிறார்கள்.

ஆங்கில அகராதிகளோ இந்தப் பெயருக்குச் சிங்களத்தைக் காட்டுகின்றன. அதிலும் ஒரு விந்தை உண்டு. அவை காட்டும் ‘ஹெனகந்தயா’ என்ற சிங்களச் சொல் மலைப்பாம்பைக் குறிப்பதன்று. மரக்கிளையில் கொடிபோலத் தொங்கும் ஒல்லிப் பாம்பின் பெயர் அது. யானையைக் கொல்லும் பாம்பு என்ற விளக்கத்தில் மிகையாவது உண்டு. விரல் பருமன் பாம்பின் பெயர் உலகின் மிகக் கனத்த பாம்புக்குப் போனது என்பது முதல் பார்வையில் கேலியாகவே படும். ஆயினும் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் தராசு அந்தப் பக்கமே சாய்கிறது. ஏன் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு சொல் இன்ன மொழியிலிருந்து கடன் போனது என்று நிறுவ, ஒலி ஒத்திருப்பது மட்டும் போதாது. ‘கட்டுமரம்’ ஆங்கிலத்துக்குப் போனதை யாரும் மறுப்பதில்லை. 1697இல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் மரக்கட்டைகளாலான மிதவையைக் கண்டு, அங்குள்ளவர்கள் அதற்கு வழங்கும் பெயரென்றே இச்சொல்லைத் தருகிறார். இடம், பொருள், முதல் எழுத்து வடிவம் மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. அனகோண்டாவுக்கும் இதே மூன்றைத்தான் கேட்க வேண்டும்.

லெய்டன் பட்டியலின் எட்டாம் பாம்பு

இச்சொல்லின் அறியப்பட்ட முதல் பதிவு 1693இல் லண்டனில் வெளியான ஒரு லத்தீன் நூலில் இருக்கிறது. நாற்கால் விலங்குகளையும் பாம்புகளையும் முறைப்படுத்தி ஜான் ரே எழுதிய நூல் அது. நெதர்லாந்தின் லெய்டன் நகர அருங்காட்சியகத்தில் இருந்த இந்தியப் பாம்புகளின் பட்டியல் ஒன்றை ரேயின் நண்பர் டாக்டர் டான்கிரெட் ராபின்சன் குறித்து வந்து கொடுத்தார். அதை ரே தன் நூலில் சேர்த்துக்கொண்டார். பட்டியலில் எட்டாவதாக வருவது ‘இந்திய எருமைப் பாம்பு’. இலங்கையர் இதை ‘அனகண்டாயா’ என்பர் என்ற குறிப்பும், அதையடுத்து, அதாவது எருமைகளையும் பிற சுமை விலங்குகளையும் உறுப்புகள் நொறுங்க நெரிப்பது என்ற விளக்கமும் அங்கே உள்ளன.

லத்தீன் எழுத்தில் ‘ண்ட’, ‘ந்த’ வேறுபாடு இல்லை. ஆகவே ரேயின் வடிவத்தை ‘அனகந்தாயா’ என்றும் படிக்கலாம். தமிழில் எழுதும்போதே நாம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் ஆபத்து இருப்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். கவனிக்க வேண்டியவை எழுத்து ஐயமற்றுக் காட்டும் இரண்டு கூறுகள்: சொல்லின் நடுவில் இருப்பது ‘க’, ‘கொ’ அல்ல, சொல் முடிவது ‘ஆயா’ போன்ற ஓர் ஈற்றில். ‘கோண்டா’ என்ற ஓசை இந்த முதல் பதிவில் இல்லவே இல்லை.

இந்த ஒரு வரி எத்தனை கை மாறி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையில் யாரோ பாம்பைப் பிடித்தார், யாரோ பெயர் கேட்டு எழுதினார், லெய்டனில் அது சீட்டாக ஒட்டப்பட்டது, ராபின்சன் அதைப் பார்த்து எழுதினார், ரே அச்சேற்றினார். ஒவ்வொரு கையிலும் பிழை புக இடமுண்டு. இலங்கைப் பொருள்கள் லெய்டனுக்குப் போன வழியைப் பற்றி ஓரளவு அறிவோம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1670களில் இலங்கையில் பணியாற்றிய பால் ஹெர்மன், பின்னர் லெய்டனில் தாவரவியல் பேராசிரியரானார். அவர் இறந்தபின் 1717இல் அச்சான இலங்கைத் தாவரப் பட்டியல் செடிகளின் சிங்களப் பெயர்களைத் தருகிறது. நம் பாம்புக்குச் சீட்டு எழுதியவர் ஹெர்மன்தான் என்று இதனால் ஆகிவிடாது. அக்காலத்தில் கொழும்பு வட்டாரத்திலிருந்து லெய்டன் போன இயற்கைப் பொருள்களோடு சிங்களப் பெயர் போவது வழக்கமாக இருந்தது என்ற அளவுக்கு இது சான்று.

எருமை எதற்கு வந்தது?

ரேயின் ‘அதாவது’ என்ற சொல்தான் பின்னால் வந்த குழப்பத்துக்கு விதை. இலங்கைப் பெயரின் பொருளைத்தான் ரே மொழிபெயர்த்துத் தந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ‘எருமையை நெரிப்பது’ என்ற பொருள் தரும் சிங்கள அல்லது தமிழ்ச் சொல்லைத் தேடியவர்கள் உண்டு. அப்படி ஒன்று அகப்படவில்லை. அந்த விளக்கம் இலங்கைச் சொல்லைப் பற்றியதே அல்ல, ‘எருமைப் பாம்பு’ என்ற லத்தீன் பெயரைப் பற்றியது என்பது என் கருத்து.

இதற்கு இரண்டு காரணங்கள். பெரும்பாம்பையும் மாட்டையும் சேர்த்துப் பேசுவது ஐரோப்பியப் படிப்பாளிகளிடம் மிகப் பழைய பழக்கம். ‘போவா’ என்ற பாம்புப் பெயரையே மாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு இணைத்துப் பார்த்தார்கள். மாட்டின் பாலைக் குடிப்பதால் அப்பெயர் என்றார் பிளினி. மாட்டையே விழுங்குவதால் என்று நான்காம் நூற்றாண்டின் முடிவில் புனித ஜெரோம் எழுதினார். இலங்கையிலிருந்து வந்த பெரும்பாம்புக்கு ‘எருமை’ அடைமொழி சேர்ந்ததும் அதே பழக்கத்தின் தொடர்ச்சியாகவே தெரிகிறது.

இரண்டாவது காரணம் ரேயே தருவது. இந்த எட்டாம் பாம்பைப் பற்றி மேலும் அறிய ஆந்திரேயாஸ் கிளையரின் கட்டுரையைப் பார்க்கச் சொல்கிறார். கிளையர் டச்சுக் கம்பெனியின் மருத்துவராகப் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இருந்த ஜெர்மானியர். ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் கழகத்தின் தொகுதியில் 1684இல் அச்சான அக்கட்டுரை எருமையை விழுங்கும் கிழக்கிந்தியப் பெரும்பாம்பைப் பற்றியது. வேடனிடம் வாங்கிய பாம்பின் வயிற்றை அறுத்தபோது தோல்கூடக் கெடாத முழு மான் இருந்ததையும், இன்னொன்றின் வயிற்றில் முள்ளோடு முள்ளம்பன்றி இருந்ததையும் அவர் சொல்கிறார். இவை நம்பத்தக்கவை. எருமை திமிறினால் பாம்பு அதை மரத்தடிக்கு இழுத்துப் போய் மரத்தோடு சேர்த்து நெரிக்கும், எலும்பு முறியும் ஓசை பீரங்கி வெடிபோல் கேட்கும் என்று தொடரும்போது கேள்வி ஞானம் பேசத் தொடங்கிவிடுகிறது. கட்டுரையோடு வந்த படத்தில் பாம்பு பெரிய பற்களோடு ஒரு விலங்கின் முகவாயைக் கவ்வியிருக்கிறது. எருமை என்று எழுதிவிட்டு வரைந்திருப்பது மாட்டை.

கிளையரின் பாம்பு இலங்கையினது அல்ல. அவர் குறிப்பிடும் இடங்கள் அம்போய்னா, அரக்கான் போன்றவை. ஆக ரேயின் ஒரே வரியில் இலங்கைப் பெயர் ஒன்றும், கிழக்கிந்திய எருமைக் கதை ஒன்றும், ஐரோப்பியப் புத்தக மரபு ஒன்றும் பின்னிக் கிடக்கின்றன. இவற்றைப் பிரித்துவிட்டால் இலங்கைப் பெயருக்கு எருமையோடு உறவு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. யானையோடு உறவு இருப்பதாகவோ ரே சொல்லவே இல்லை.

ஆனைக்கொன்றான்: சாதகமும் பாதகமும்

தமிழ் மூலம் என்ற கருத்தை அச்சில் பரப்பியது தமிழறிஞர் எவருமில்லை. ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ நூலில் அது இடம்பெற்றது. ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் சேர்ந்து தொகுத்த இந்நூல் 1886இல் வெளியானது. தஞ்சையில் நீதிபதியாக இருந்த, தென்னிந்திய மொழிகளை ஆழ்ந்து கற்ற பர்னல் நூல் வெளிவருமுன்பே 1882இல் இறந்துவிட்டார். அனகோண்டா தென் அமெரிக்கச் சொல்லாகத்தான் இருக்கும் என்றே தொகுப்பாளர்கள் முதலில் எண்ணினார்கள். அமேசான் பகுதியில் நெடுங்காலம் ஆய்வு செய்த ஹென்றி பேட்ஸ் அதை அடியோடு மறுத்ததும், தென் அமெரிக்கா பற்றிய பழைய நூல்களில் சொல் அகப்படாததும் அவர்களை ரேயின் பக்கம் திருப்பின. அங்கே இலங்கை என்றிருந்தது. யானையைக் கொன்றது என்று பொருள்படும் தமிழ்த் தொடர் மூலமாக இருக்கலாம் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. பின்னாளில் பாம்பியல் அறிஞர் ஃபிராங்க் வாலும் அதை ஆதரித்தார். இன்று நாம் தமிழ்ப் பெருமையாகத் தூக்கிப் பிடிப்பது வெள்ளைக்கார அதிகாரிகளின் ஊகம் என்பதில் ஒரு சிறு வேடிக்கை இருக்கிறது.

ஊகம் என்பதற்காக ஒதுக்கிவிட முடியாது. அதற்கு வலுவான சாதகங்கள் உண்டு. ‘ஆனை’ பேச்சில் ‘ஆன’ என்று ஒலிக்கும். சொல்லின் முதற்பகுதி இயல்பாகப் பொருந்துகிறது. அடுத்தது யாழ்ப்பாணப் பேச்சு. அங்கே ‘என்று’ என்பது ‘எண்டு’, ‘ஒன்று’ என்பது ‘ஒண்டு’, ‘கன்று’ என்பது ‘கண்டு’. அதே வழியில் ‘கொன்றான்’ என்பது ‘கொண்டான்’ ஆகும். ஆக ‘ஆனைக்கொண்டான்’ என்ற ஒலி இலங்கைத் தமிழில் தானாகவே கிடைக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சின் ‘கொன்னான்’ என்பதை வைத்து இதை மறுப்பவர்கள் இலங்கையை மறந்துவிடுகிறார்கள்.

யானையை மலைப்பாம்பு கொல்லாது, ஆகவே அப்படிப் பெயர் வந்திருக்காது என்ற மறுப்பும் செல்லாது. பெயர் வைப்பவர் உயிரியல் தேர்வு எழுதுவதில்லை. பழந்தமிழிலேயே இந்தக் கற்பனை உண்டு. நற்றிணை 261ஆம் பாட்டில் சேந்தன் பூதனார், களிற்றைப் பிடித்த சினம் மிக்க மாசுணம் அதை வைரம் பாய்ந்த மரத்தோடு சேர்த்துப் பிணித்துப் புரட்டும் மலைக்காட்டைக் காட்டுகிறார். கிளையரின் எருமையும் மரமும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல வழியில்லை. மலைப்பாம்பு இரையைச் சுற்றி இறுக்குவதைக் கண்ட எந்த நாட்டு மனிதருக்கும் இந்தக் கற்பனை வரலாம். மலைபடுகடாமும் யானையின் வலியை அடக்கும் மாசுணத்தை, வீழ்ந்து கிடக்கும் மரம் போன்றது என்கிறது. யானையை மடக்கும் பாம்பு தமிழ் மனத்துக்குப் புதிதல்ல.

ஆனால் இந்தச் சாதகமே பாதகமாகவும் திரும்புகிறது. யானையைப் பிடிக்கும் பாம்பைப் பாடிய புலவர்கள் அதற்கு ‘மாசுணம்’ என்ற பெயரைத்தான் வழங்கினார்கள். ‘பாந்தள்’ என்ற சொல்லும் இருந்தது. பிற்காலத்தில் மக்கள் வழக்கில் தமிழ்நாட்டில் ‘மலைப்பாம்பு’, இலங்கைத் தமிழில் ‘வெங்கிணாந்தி’. ஆனைக்கொன்றான் என்பது மக்கள் நாவில் வழங்கிய பாம்புப் பெயர் என்றால், 1693க்கு முற்பட்ட ஒரு பதிவாவது வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அகராதியிலோ இருபதாம் நூற்றாண்டுக் கலைச்சொல் பட்டியலிலோ அது இருந்தால் சாட்சி ஆகாது. அதற்குள் ‘அனகோண்டா’ ஆங்கில நூல்களில் ஊறிவிட்டது. ஆங்கிலச் சொல்லைக் கேட்டுத் தமிழில் பொருள் கற்பித்து எழுதியிருக்க முழு வாய்ப்பு உண்டு.

சொல்லாக்கமும் இடறுகிறது. உயிரினங்களுக்கு அவற்றின் செயலால் பெயர் வைக்கும்போது தமிழ் பெரும்பாலும் இகர ஈற்றையே நாடுகிறது: எறும்புதின்னி, மீன்கொத்தி, மரங்கொத்தி, ஆள்காட்டி, கண்கொத்திப் பாம்பு. ‘கொண்டான்’, ‘கொன்றான்’ என்று இறந்தகாலத்தில் முடியும் பெயர்கள் வெற்றிப் பட்டங்களுக்கும் அவற்றால் எழுந்த ஊர்ப் பெயர்களுக்கும் உரியவை: கங்கைகொண்டான், முடிகொண்டான். பாம்புக்கு வைப்பதானால் ‘ஆனைக்கொல்லி’ என்றுதான் நாக்கில் வந்திருக்கும். இது அறுதியான மறுப்பு ஆகாது என்றாலும், பெயர் ஊரார் வைத்ததா, பின்னால் யாரோ புனைந்ததா என்று ஐயுற இடம் தருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலான தடை ஒன்று உண்டு. தமிழ் மூலத்தைச் சொல்பவர்கள் ஒப்பிடுவது இன்றைய ‘அனகோண்டா’வை. ஒப்பிட வேண்டியது ரேயின் வடிவத்தை. ‘கொண்டான்’ எப்படிக் ‘கண்டாயா’ ஆயிற்று? நடு உயிர் மாறியதற்கும், ஈற்று னகரம் போய் ‘யா’ வந்ததற்கும் தமிழ் வழியில் விளக்கம் இல்லை.

இருபது ஆண்டு இருந்தவர் சொன்ன பெயர்

ரேயின் நூலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1681இல், ராபர்ட் நாக்ஸ் எழுதிய இலங்கை வரலாறு லண்டனில் வெளியானது. 1660இல் திருகோணமலைப் பக்கம் பிடிபட்டுக் கண்டி அரசின் எல்லைக்குள் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த ஆங்கிலேயர் அவர். சிறை என்றால் கொட்டடி அல்ல. ஊரில் வீடு கட்டி, நெல் கடன் கொடுத்து, குல்லாய் பின்னி விற்று வாழ்ந்தார். சிங்களம் அவருக்கு அன்றாடப் பேச்சு.

மனித இடுப்புப் பருமனுள்ள பெரும்பாம்பை நாக்ஸ் விரிவாகச் சொல்கிறார். மான் போகும் தடத்தில் படுத்திருக்கும். வாலில் உள்ள முளைபோன்ற ஒன்றால் தாக்கிப் பிடிக்கும். கொம்போடு மானை விழுங்குவதால் சில வேளை கொம்பு வயிற்றைக் கிழித்துப் பாம்பே சாகும். அந்த ‘முளை’ கட்டுக்கதை போலத் தோன்றினாலும் அதற்கு உண்மை அடிப்படை உண்டு. மலைப்பாம்பின் கழிவுத் துளைக்கு இருபுறமும் நகம்போன்ற இரு முட்கள் உள்ளன. அவை பரிணாமத்தில் மறைந்த பின்னங்கால்களின் எச்சம். அதைக்கொண்டு பாம்பு வேட்டையாடுவதில்லை. ஆனால் பார்த்தவர்தான் அதைச் சொல்லியிருக்க முடியும்.

இந்தப் பாம்புக்கு நாக்ஸ் தரும் பெயர் ‘பிம்பெரா’. இன்றைய சிங்களத்திலும் மலைப்பாம்பு ‘பிம்புரா’தான். மலைப்பாம்பை நேரில் அறிந்தவர், அம்மொழியில் வாழ்ந்தவர், ரேக்குச் சற்று முன் எழுதியவர் அனகண்டாயா என்ற பெயரையே சொல்லவில்லை. அப்படியானால் லெய்டன் சீட்டிலிருந்த பெயர் மலைப்பாம்பின் பெயர்தானா என்ற கேள்வி எழுகிறது. சிங்கள மூலத்துக்கு எதிரான சான்றாகத் தோன்றும் இதுவே அதைக் காப்பாற்றும் வழியையும் காட்டுகிறது.

ஹெனகந்தயா

அந்த வழியில் போனவர் டொனால்ட் ஃபெர்குசன். 1897இல் ‘நோட்ஸ் அண்ட் குவரீஸ்’ இதழில் அவர் எழுதிய குறிப்பு இந்த விவாதத்தின் திருப்புமுனை. 1903இல் வில்லியம் குரூக் பதிப்பித்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் இரண்டாம் பதிப்பிலும் அது சேர்க்கப்பட்டது. ரேயின் சொல் சிங்கள ‘ஹெனகந்தயா’ என்பது அவர் முடிவு. ‘ஹென’ மின்னல் அல்லது இடி. ‘கந்த’ அடிமரம், தண்டு. அது குறிப்பது சாட்டைபோல மெலிந்த மரப்பாம்பை. பழுப்புநிறக் கொடிப் பாம்புக்கு இலங்கையில் இப்பெயர் இன்றும் வழங்குகிறது.

ஒலியில் இது ரேயின் வடிவத்தோடு பொருந்துவதைப் பாருங்கள். ‘கந்தயா’ அப்படியே இருக்கிறது. ‘யா’ என்ற ஈறு சிங்களத்தில் உயிருள்ளவற்றின் பெயர்களில் வருவது. நாகம் ‘நயா’, சாரை ‘கரண்டியா’. தமிழ் வழியில் விளங்காத ஈறு இங்கே இலக்கணத்தோடு விளங்குகிறது. முதலெழுத்து ஒன்றே இடறல்: ‘ஹெ’ எப்படி ‘அ’ ஆனது? ஹகர ஒலி எளிதில் தேயும், கை மாறும் எழுத்தில் இன்னும் எளிதில் தேயும் என்பது பொதுவாக ஏற்கத்தக்கது. அதன்பின் வந்த உயிர் மாறியதற்குச் சீட்டு எழுதியவரின் காதைத்தான் பொறுப்பாக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் ‘ஆன’ என்பதே நன்றாகப் பொருந்துகிறது என்று தமிழ்ப் பக்கம் வாதிட்டால் அது நியாயமான வாதமே. ஓர் உயிரில் தமிழ் வெல்கிறது. சொல்லின் மீதி முழுவதிலும் சிங்களம் வெல்கிறது.

பொருள்தான் இங்கே சிக்கல். ஒல்லிப் பாம்பின் பெயர் பெரும்பாம்புக்கு எப்படிப் போனது? லெய்டன் அருங்காட்சியகத்தில் பெயர்ச் சீட்டுகளோ பட்டியல் வரிகளோ மாறிப்போயிருக்க வேண்டும் என்றார் ஃபெர்குசன். இது நிறுவப்பட்டதன்று. ஆயினும் அக்கால அருங்காட்சியகங்களில் சாராயத்தில் ஊறும் பாம்புகள், தனித்தனித் தாளில் பெயர்கள், பேசத் தெரியாத மொழி என்று இருந்த நிலையில் இப்படிப்பட்ட இடமாற்றம் அரிதன்று. பாம்புப் பெயர்களிலேயே இன்னொரு சான்று சொல்லலாம். கொடிப் பாம்புகளின் அறிவியல் பேரினப் பெயரான ‘அஹேதுல்லா’ சிங்களச் சொல். கண்ணைக் கொத்துவது என்று பொருள். நம் கண்கொத்திப் பாம்பு என்ற பெயரும் அதே நம்பிக்கையில் பிறந்ததுதான். இலங்கையின் ஒல்லி மரப்பாம்புகளின் பெயர்கள் ஐரோப்பிய இயற்கை நூல்களுக்குள் போயின என்பதற்கு அறிவியல் பெயரே சாட்சி. ஹெனகந்தயா மட்டும் போகாமல் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. போன இடத்தில் தவறான பாம்பின் கழுத்தில் தொங்கியது என்பதே ஃபெர்குசனின் வாதம்.

எட்வினின் புலி

‘அனகோண்டா’ என்ற எழுத்து வடிவத்தை மக்களிடம் கொண்டு சென்றது ரேயின் லத்தீன் நூல் அல்ல. 1768இல் ‘ஸ்காட்ஸ் மேகஸின்’ இதழில் ஆர். எட்வின் என்ற பெயரில் ஒரு கட்டுரை வந்தது. இலங்கையில் பல ஆண்டுகள் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் எட்வின், ஒரு பெரும்பாம்பு புலியைப் பிடித்து மரத்தோடு சேர்த்து நெரித்ததை நேரில் கண்டதுபோல விரித்துரைக்கிறார். இலங்கையர் அதை அனகோண்டா என்பர், அதன் இறைச்சியைத் தின்பது பற்றிப் பேசிக்கொண்டார்கள் என்றும் எழுதுகிறார்.

இலங்கையில் வரலாற்றுக் காலத்தில் வரிப்புலி இல்லை என்பதைக் காட்டி இது முழுப் புனைவு என்பார்கள். இந்த ஒரு காரணத்தை மட்டும் நான் பெரிதாக எடுக்க மாட்டேன். சிறுத்தையையும் புலி என்று சொல்வது இலங்கைத் தமிழிலும் உண்டு, அக்கால ஆங்கிலத்திலும் உண்டு. என்னை ஐயுற வைப்பது வேறு: மரத்தோடு சேர்த்து நெரிப்பது, எலும்பு முறிவது, ஊரார் இறைச்சியை விரும்புவது என்று எட்வின் சொல்வன எல்லாம் கிளையரிடமிருந்து ரே எடுத்துத் தந்தவையே. அம்போய்னாக்காரர் தின்ற பாம்பை எட்வின் இலங்கையரின் வாயில் வைத்திருக்கிறார். எருமை இருந்த இடத்தில் புலியை நிறுத்தியதுதான் அவருடைய சொந்தச் சரக்கு.

கதை நன்றாக ஓடியது. 1808இல் மாத்யூ லூயிஸ் தன் ‘ரொமான்டிக் டேல்ஸ்’ தொகுப்பில் இலங்கையைக் களமாகக் கொண்டு ‘தி அனகோண்டா’ என்ற கதையே எழுதினார். ‘கொண்டா’ என்ற ஓசை இவ்வாறு அச்சில் நிலைத்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் யூல் அதில் ‘கொன்ற’ என்ற தமிழைக் கேட்டார். ஆங்கிலப் பத்திரிகையின் எழுத்துக்கூட்டலில் பிறந்த ஓகாரம்தான் தமிழ் மூலத்தின் முதுகெலும்பு.

அமேசானுக்குப் போன பெயர்

பெயர் தென் அமெரிக்காவுக்குப் போனதில் மர்மம் ஏதுமில்லை. அங்குள்ள பெரிய நீர்ப்பாம்புக்கு லின்னேயஸ் 1758இலேயே அறிவியல் பெயர் கொடுத்துவிட்டார். பிரெஞ்சு விலங்கியலாளர் தோதேன் 1800களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஊர்வன நூலில் ‘அனகோண்டோ’ என்ற பெயரை அமெரிக்கப் பாம்புக்குச் சூட்டினார். 1829இல் குவியே அதை ஏற்றார். அதன்பின் ஐரோப்பிய மொழிகளில் அதுவே வழக்காயிற்று. பிரேசிலில் அந்தப் பாம்பு ‘சுகுரி’, ‘சுகுரிஜு’. அனகோண்டா அவர்களுக்கு வெளியார் பெயர். பாரிஸ் நூலகத்து மேசையில் நடந்த பெயர் மாற்றத்துக்காகத் தமிழரைக் கப்பலேற்றி அமேசானுக்கு அனுப்பத் தேவையில்லை.

சான்று எங்கிருந்து வர வேண்டும்?

இன்று உள்ள சான்றுகளின்படி அனகோண்டா சிங்கள ஹெனகந்தயாவின் திரிபு. பெயர் பாம்பு மாறி ஒட்டிக்கொண்டது எப்படி என்பதில் மட்டும் ஊகம் இருக்கிறது. ஆனைக்கொன்றான் என்பது திரிந்த சொல்லுக்குப் பிறகு கற்பித்த பொருள்.

இந்தத் தீர்ப்பு மாறக்கூடாதது என்று நான் சொல்லவில்லை. மாற்றும் சான்று வருமானால் 1693க்கு முன்னிருந்துதான் வர வேண்டும். அதற்குத் தேட வேண்டிய இடங்களும் உண்டு. அந்தாவோ தெ ப்ரொயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது; வத்திக்கான் நூலகத்திலிருந்த பிரதியைத் தனிநாயகம் அடிகள் 1966இல் நகற்பதிப்பாக வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய டச்சுப் பாதிரியார் பால்தேயுஸின் நூல் 1672இல் வந்தது. இலங்கையின் தேசிய ஆவணக் காப்பகத்தில் டச்சுக் கம்பெனியின் ஏடுகள் இருக்கின்றன. வன்னிக் காடுகளில் வெங்கிணாந்திக்கு வேடர்களும் யானை பிடிப்போரும் வேறு பெயர் வழங்கினார்களா என்பதையும் வாய்மொழி மரபில் விசாரிக்க வேண்டும். பழைய டச்சும் போர்த்துகீசியமும் படிக்கத் தெரிந்த இளைய ஆய்வாளர் யாரேனும் இதைக் கையில் எடுத்தால் நல்லது. அதுவரை பாடநூல் எழுதுவோர் இந்த ஆனையைச் சேர்க்காமல் இருக்கலாம்.